ஒன்பது பி-யின் சத்தங்கள்

“வேலன்ஸி” என்று திரையில் இருந்த ஆசிரியர் சொன்னார். அவருடைய மார்புக்குக் கீழே ஓடிய எழுத்துகளில் “வலென்சியா” என்று வந்தது. ஸாதனா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். சோடியத்தின் வலென்சியா ஒன்று. மெக்னீசியத்தின் வலென்சியா இரண்டு. கையெழுத்து வழக்கம்போல அழகாக இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஸுப்ரியாவுக்கு அந்த அழகைப் பார்க்கத்தான் ஆத்திரம் வந்தது.

“அது வலென்சியா இல்லைடி. வேலன்ஸி,” என்றாள்.

ஸாதனா திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவளை எட்டவில்லை. ஸுப்ரியா அவள் தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேராக, உதடுகளை விரித்து மறுபடியும் சொன்னாள்.

“தெரியும்மா,” என்றாள் ஸாதனா, தேவைக்கு மேல் உரக்க. “இதுலே வர்றதைத்தானே எழுதச் சொன்னே?”

எட்டாம் வகுப்பின் பாதியில் வந்த மூளைக்காய்ச்சல் ஸாதனாவின் இடது காதை முழுதாகவும் வலது காதில் பாதியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. வலது காதில் மாட்டியிருந்த கருவி சத்தத்தைக் கொடுத்தது. சொல்லைக் கொடுக்கவில்லை. எதிரில் இருப்பவரின் வாயையும் அந்தச் சத்தத்தையும் சேர்த்துத்தான் அவள் சொல்லை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுத் தமிழ் அவளுக்கு எளிதில் பிடிபட்டது. மலையாளம் பரவாயில்லை. ஐம்பத்திரண்டு பேர் உள்ள வகுப்பில், கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று சொல்லப்படும் ஆங்கிலம் பிடிபடவே இல்லை. ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரத்தில், ஸாதனா மறந்து விட்டுப்போன சாப்பாட்டுப் பையைக் கொடுக்க ஸுப்ரியா பள்ளிக்கூட வாசலுக்குப் போயிருந்தாள். கம்பிக் கதவுக்கு அப்பால் பெண்கள் கூட்டமாக நின்று ஏதோ பேசிச் சிரித்தார்கள். ஸாதனாவும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். மற்றவர்கள் சிரித்ததைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி கழித்து, அவளும் சிரித்தாள். அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலமே ஸுப்ரியா முடிவு செய்துவிட்டாள். கொச்சங்காடியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் பதினோரு வருடமாகப் பார்த்த வேலையை விட்டாள். பெண்ணை வீட்டில் வைத்தே படிக்கவைப்பது என்று ஆயிற்று.

படிக்கவைப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. எதைப் படிக்கவைப்பது என்பதைத் தேர்ந்தெடுப்பதற்கே எட்டு மாதம் போய்விட்டது. ஏற்றுமதிக் காகிதங்களில் பழகிய கை என்பதால் முதல் வாரமே ஒரு எக்ஸெல் தாள் தயாரித்திருந்தாள். மேலிருந்து கீழே பாடத்திட்டங்கள். இடமிருந்து வலமாகப் பரீட்சை எங்கே, செய்முறை எப்படி, பிளஸ் ஒன் சேரும்போது ஏற்றுக்கொள்வார்களா, வீடியோவில் எழுத்து ஓடுமா. லண்டன்காரர்களின் பாடத்திட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டாள். தனியாகப் பரீட்சை எழுத இடம் தரும் பள்ளி ஒன்றும் பக்கத்தில் அகப்படவில்லை. அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வந்த புத்தகங்கள் பளபளவென்று இருந்தன. கணக்கில் எல்லாமே அடியும் அங்குலமும். சரித்திரத்தில் இந்தியாவுக்கு நான்கு பக்கம். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த வீடியோ வகுப்பு. விளம்பரத்தில் ‘எல்லாக் குழந்தைகளுக்கும்’ என்று போட்டிருந்தது. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, ஓடும் எழுத்தை எந்த மனிதரும் எழுதவில்லை, இயந்திரம் தன் காதில் விழுந்ததை எழுதுகிறது என்று. அந்த இயந்திரத்தின் காது ஸாதனாவின் காதைவிட மோசம்.

அன்று பதினொரு மணிக்கு அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மூன்று முறை எழுதிப் போட்ட புகாருக்குப் பதில். மலையாளமும் ஆங்கிலமும் கலந்த குரலில் தேன் சொட்டியது. குழந்தையின் கற்கும் விதம் என்ன என்று தெரிந்தால்தான் உதவ முடியுமாம், அதற்குப் பெண்ணோடு பேச வேண்டுமாம். “மோளோட ரெண்டு மினிட் ஸம்ஸாரிக்கணும் மேடம்.”

“அவளுக்குக் காது கேக்காது. அதாக்கும் புகாரே,” என்றாள் ஸுப்ரியா.

“ஓகே மேடம். அப்போ ஃபோனை ஸ்பீக்கர்ல போடுங்க.”

ஸுப்ரியா ஃபோனை மேஜைமேல் குப்புற வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், ஏற்கனவே கழுவியிருந்த அரிசியை இன்னொரு முறை கழுவினாள். ஃபோனுக்குள் அந்தப் பெண் “மேடம், மேடம்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆலுவாவில், ஆற்றங்கரையோரம் ஒரு வீட்டில், பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைப்பவர்களின் கூட்டம் நடந்தது. ஸுப்ரியா ஸாதனாவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தாள். இருபது குடும்பம் வந்திருந்தது. பதினெட்டு குடும்பத்தில் பிள்ளைகளுக்கு எட்டு வயதுக்குக் கீழே. முற்றம் முழுக்க மரக்கட்டைகளும் மண்ணும் பெயிண்டும். மீதி இரண்டில் ஒரு பையன் செஸ் ஆடுகிறவன், மற்றவள் நாட்டியக்காரி. கூட்டத்தை நடத்திய கங்கா பாலக்காட்டிலிருந்து வந்து ஆலுவாவில் தங்கியவள். தமிழ்க்குரலைக் கேட்டதும் பாசத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீங்க முதல்லே ஸிலபஸ்ங்கற வார்த்தையை மறந்துடணும், கேட்டேளா. குழந்தையை நம்புங்கோ. அதுக்கே தெரியும் என்ன வேணும்னு.”

“பதினாலு வயசாறது. பத்தாம் க்ளாஸ் பரீட்சை எழுதணும். பெரிய குழந்தைகளுக்கு நீங்கள்லாம் என்ன புஸ்தகம் வச்சிருக்கேள்?”

கங்கா சிரித்தாள். “என் பையனுக்கு ஏழு வயசு. அது வரும்போ பாத்துக்கலாம்.”

திரும்பி வரும் பேருந்தில் ஸாதனா ஜன்னலோரம் உட்கார்ந்து டேப்லெட்டில் எதையோ பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டு வந்தாள். ஸுப்ரியா அது என்ன என்று கேட்கவில்லை. கேள்வி கேட்க வேண்டுமானால் தொட்டுத் திருப்ப வேண்டும். அதற்குக்கூட அன்றைக்கு அவளிடம் தெம்பில்லை.

ஸுப்ரியாவின் கணவன் விஸ்வநாத் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தில் ஷிப்டு வேலை முடிந்து மத்தியானம் மூன்று மணிக்கு வந்தான். சாப்பிட உட்கார்ந்ததும் சுவரில் ஒட்டியிருந்த எக்ஸெல் தாளைப் பார்த்தான். கடைசியில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது: திறந்தநிலைப் பள்ளி. பதிவுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இன்றைக்குச் செவ்வாய்.

“இதையாவது எடுத்துடுவியா?” என்றான்.

“அஞ்சு பாடம் தேர்ந்தெடுக்கணும். கணக்கு வேண்டாம்னா விட்டுடலாமாம். விட்டா பின்னே பிளஸ் ஒன்லே சயன்ஸ் கிடைக்காது. செய்முறைக்கு அவா சொல்ற சென்டருக்குப் போகணும். அங்கே பேசறது இவளுக்குப் புரியணும். பாஷைக்கு மலையாளமா தமிழான்னு வேறே கேக்கறா.”

“தமிழ்னு போடு.”

“அவளுக்கு அ ஆ எழுதத் தெரியாது. நமக்கே எழுத வராது.”

விஸ்வநாத் மோர்சாதத்தைப் பிசைந்தபடி சொன்னான்: “ஏதாவது ஒண்ணைப் போட்டு முடி ஸுப்ரியா. புடவைக் கடையிலேகூட இத்தரை நேரம் யாரும் நின்னதில்லை.”

“நீங்க ஒரே ஒரு நாள் அவளோட உக்காந்து அந்த வீடியோவைப் பாருங்கோ. பின்னே பேசலாம்.”

“நான் என்ன வேலை வெட்டி இல்லாமலா இருக்கேன்?”

“நான்தான் இல்லாம இருக்கேன். நானே பாத்துக்கறேன்.”

அவன் கை கழுவப் போய்விட்டான். ஸுப்ரியா ஸாதனாவின் டேப்லெட்டை எடுத்தாள். திறந்தநிலைப் பள்ளியின் பாடங்களை இறக்கிவைத்துப் பார்க்கலாம் என்றால் இடமில்லை என்று காட்டியது. எது இவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று தேடிக்கொண்டு போனாள். படங்கள். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். எல்லாம் வாட்ஸாப்பில் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. தன்யா.

தன்யாவை அவளுக்குத் தெரியும். ஸாதனாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை. ஒல்லியாக, எப்போதும் ஒரு பக்கம் அவிழ்ந்த பின்னலோடு இருப்பாள். விடுமுறையில் எடுத்த படங்களாக இருக்கும், பாதியை அழித்துவிடலாம் என்று நினைத்து ஸுப்ரியா முதல் படத்தைத் திறந்தாள். கோடு போட்ட நோட்டுப் பக்கம். மேலே தேதி. ஒன்பது பி. வேதியியல்.

அடுத்த படமும் நோட்டுப் பக்கம்தான். அதற்கு அடுத்ததும். ஜூன் பன்னிரண்டிலிருந்து நேற்றுவரை. பாடம் ஆங்கிலத்தில் இருந்தது. ஓரங்களில் சின்ன எழுத்தில் மலையாளம். ஸுப்ரியா முதலில் பாடத்தைத்தான் பார்த்தாள். வேலன்ஸி என்று சரியாக எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. பிறகுதான் ஓரத்தைப் படித்தாள்.

‘இதை ஸார் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். மெதுவாக. முன் பெஞ்சுக்கு மட்டும் கேட்டது. பரீட்சைக்கு வரும்.’

‘இந்த இடத்தில் எல்லாரும் சிரித்தோம். ஃபர்ஹானாவின் வயிறு இரைந்தது. பெரிய சத்தம். அவளும் சிரித்தாள்.’

‘11.20. மழை. தகரத்துமேல் விழுகிறது. ஸார் வாயை அசைக்கிறார், எங்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது எல்லாரும் உன்னைப் போலத்தான்.’

‘நடு ஃபேன் இன்று டக் டக் என்று அடிக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒன்று.’

‘பயாலஜி மிஸ் குரல் கட்டிப்போயிருக்கிறது. தவளை மாதிரி. பாடம் தவளையைப் பற்றி இல்லை.’

ஸுப்ரியா நாற்காலியில் உட்கார்ந்தாள். படத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். அக்டோபர், நவம்பர். கடலை மடித்து வந்த தாளில்கூட ஒரு பக்கம் எழுதியிருந்தது, அன்றைக்கு நோட்டு தீர்ந்துபோயிருக்க வேண்டும். நெகிழ்ந்திருக்க வேண்டும் அவள். பின்னொரு நாள் நெகிழ்வாள் என்றும் அவளுக்கே தோன்றியது. ஆனால் அந்த நேரத்தில் வந்தது கோபம்தான். எட்டு மாதம். வேலையை விட்டது. ஒவ்வொரு புத்தகத்தையும் தானே முதலில் படித்து, பென்சிலால் குறித்து, காலையில் மேஜையில் அடுக்கிவைத்தது. தன் பக்கத்தில் உட்கார்ந்து வலென்சியா என்று எழுதிக்கொண்டே பெண் இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறாள்.

ஸாதனா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அம்மாவின் கையில் டேப்லெட்டைப் பார்த்ததும் துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“ஏதாவது டிலீட் பண்ணினியா? அம்மா, டிலீட் பண்ணலையே?”

“இல்லை. இதென்னடி?”

“நோட்ஸ்.”

“எத்தனை நாளா?”

“நான் ஸ்கூல்லேர்ந்து நின்ன நாள் முதலா.”

“அப்போ நான் வாங்கித் தந்ததெல்லாம்?”

“அதையும் படிச்சேன். நீ பக்கத்துலே இருக்கறப்போ.”

“என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ அதையும் எக்ஸெல்லே போட்டிருப்பே,” என்றாள் ஸாதனா. அவளுக்குத் தன் குரலின் உயரம் தெரியாது. கீழே தெருவில் யாரோ நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். “அந்த மெஷினுக்குத் தப்பா கேக்கறதுன்னு நீ சண்டை போடறே. தன்யாவுக்குச் சரியாக் கேக்கறது. இன்னும் ரெண்டு பாடம்தான் பாக்கி. ஜூன்லே நான் அவளோட பத்தாம் க்ளாஸ் போறேன். பரீட்சை வச்சா எழுதறேன். எல்லாம் தெரியும் எனக்கு.”

விஸ்வநாத் துண்டால் கையைத் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றான். அது நடக்காது என்று அவனுக்கும் தெரியும். ஸுப்ரியா அவனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

“எடுத்துக்க மாட்டாடி,” என்றாள் ஸுப்ரியா, தரையைப் பார்த்து.

“என்ன?”

இந்த வீட்டில் எதையும் முணுமுணுத்துவிட்டுத் தப்பிக்க முடியாது. ஸுப்ரியா முகத்தை நிமிர்த்தி, வெளிச்சத்தின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னாள். அந்தப் பள்ளிக்குப் பரீட்சை நடத்துகிற போர்டில் ஒன்பதாம் வகுப்பிலேயே பெயரைப் பதிவு செய்துவிடுவார்கள். அங்கே பெயர் இல்லாதவர்களைப் பத்தில் சேர்க்க மாட்டார்கள். எவ்வளவு தெரிந்தாலும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தன் உதடுகள் இவ்வளவு தெளிவாக அசைவது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஸாதனா அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இம்முறை மெல்லிய குரலில், கேட்டாள்: “என்னை நிறுத்தினப்போ இது உனக்குத் தெரியுமோ?”

“அப்போ தெரியாது. ஜூலையிலே தெரிஞ்சுது.”

“பதிவு எப்போ?”

“செப்டம்பர்லே.”

“அப்போ ஜூலையிலே திரும்பிப் போயிருக்கலாம்.”

போயிருக்கலாம்தான். ஜூலையில் ஸுப்ரியாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. லண்டன் பாடத்திட்டம் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். கம்பிக் கதவுக்கு அப்பால் பார்த்ததை இன்னொரு முறை பார்க்கக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. யாருக்காக அப்படி நினைத்தோம் என்று இப்போது யோசித்தால் விடை நன்றாக இல்லை.

ஸாதனா காதிலிருந்த கருவியைக் கழற்றி அதன் சின்னப் பெட்டியில் வைத்து மூடினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து துணிகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள். விஸ்வநாத் அவள் முன்னால் போய் நின்று ஏதோ சொல்லப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. அவன் ஒரு தலையணை உறையை எடுத்து மடித்து, மடிப்பு சரியாக வராமல், அப்படியே வைத்துவிட்டு வந்தான்.

புதன்கிழமை முழுவதும் அந்தக் கருவி பெட்டியிலேயே இருந்தது. வியாழன் காலையில் சாயா டம்ளருக்கு அடியில் ஒரு காகிதம் இருந்தது. மலையாளத்தில் எழுதியிருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் திரும்பச் சேர்ப்பார்களா என்று ஸ்கூலில் கேட்க வேண்டும். நானும் வருவேன். கேட்ட பிறகு எது என்று நான் சொல்கிறேன், நீ சொல்ல வேண்டாம்.

ஸுப்ரியா இரண்டு முறை படித்தாள். கடைசி வரி எரிச்சலாக இருந்தது. ஆனாலும் முகத்துக்கு நேராகப் போய், “செரி. மூணு மணிக்குப் போகலாம்,” என்றாள்.

தலைமையாசிரியை மரியாதையாகத்தான் பேசினார். ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வருடம் போகும். ஸாதனாவைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கும். வகுப்பில் இப்போது ஐம்பத்தைந்து பேர். ஆசிரியர் சட்டையில் மாட்டிக்கொள்கிற மைக் ஒன்று இருக்கிறது, அது நேராகக் கருவிக்கே குரலை அனுப்பும் என்று காது டாக்டர் சொல்லியிருந்ததை ஸுப்ரியா சொன்னாள். “டீச்சர்ஸ்கிட்டே பறஞ்சு பாக்கறேன்,” என்றார் அவர். போன வருடமும் இதையேதான் சொன்னார். “எல்லாரும் போட்டுக்குவாங்கன்னு உறுதி சொல்ல என்னால முடியாது, கேட்டோ. பொய் சொல்லக்கூடாதில்லையா.”

ஸாதனா முழுநேரமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவியை மாட்டியிருந்தாள். எழுந்திருக்கும்போது மலையாளத்தில், “ஒன்பது பி-யில் நடு ஃபேனை மாற்றிவிட்டார்களா?” என்று கேட்டாள். தலைமையாசிரியைக்குப் புரியவில்லை. ஸுப்ரியாவைப் பார்த்தார். ஸுப்ரியா சேர்க்கைப் படிவம் எங்கே வாங்குவது என்று மட்டும் கேட்டாள்.

மணி அடித்தது. அந்த ஒலி தரை வழியாகக் காலில் ஏறுவதுபோல இருந்தது. ஸாதனா வாசல் பக்கம் போய்விட்டாள். ஸுப்ரியா அலுவலகத்தில் சேர்க்கைப் படிவம் ஒன்று வாங்கிக்கொண்டு, வராந்தா வழியாக வந்தாள். பையில் ஏற்கனவே திறந்தநிலைப் பள்ளியின் படிவம் இருந்தது. அதில் பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் நிரப்பியிருந்தாள். பாடங்களுக்கான ஐந்து கட்டங்களும் காலியாக இருந்தன. வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் கொட்டுவதுபோல வெளியே வந்தார்கள். பெஞ்சுகள் இழுபட்டன, யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கத்தினார்கள், எங்கோ தண்ணீர்க்குழாய் திறந்தே கிடந்தது. ஒவ்வொரு சத்தமாக அவளுக்குக் காதில் விழுந்தது. இத்தனையையும் ஒருத்தி உட்கார்ந்து எழுதியிருக்கிறாள், பாடத்தையும் விடாமல்.

வாசலைத் தாண்டி வந்தபோது ஸாதனாவும் தன்யாவும் இருபது முப்பது அடி முன்னால் பஜார் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். ஸுப்ரியா கூப்பிட வாயெடுத்து, விட்டுவிட்டாள். ஸாதனா நேராக நடந்தாள். தன்யா அவளுக்கு எதிரே, முகத்தைக் காட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்தாள். நெரிசலான அந்தத் தெருவில், முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், இரண்டு கைகளையும் வீசி எதையோ மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். எத்தனை நாள் பழக்கமோ, கால் தடுக்கவே இல்லை. சுக்கு மூட்டை ஏற்றிய ஒரு சரக்கு ஆட்டோ எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஸாதனா கையை நீட்டி, தன்யாவின் பைப் பட்டையைப் பிடித்து, இரண்டடி இடதுபக்கம் இழுத்தாள். ஆட்டோ உரசினாற்போலப் போயிற்று. தன்யா பேச்சை நிறுத்தவில்லை.

ஸுப்ரியா பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். தெருச் சத்தத்தில் ஒரு சொல்கூட இங்கே எட்டவில்லை. தன்யாவின் உதடுகள் மட்டும் தெரிந்தன. அவள் அந்த உதடுகளைக் கூர்ந்து பார்த்தாள். என்ன சொல்கிறாள் என்று பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தாள்.